பழைய போனோடு நீலகிரிக்கு வந்திருக்கிறீர்களா? கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை

கோயம்புத்தூரில் நாள் முழுக்க சார்ஜ் நின்ற போன், குன்னூருக்கு வந்ததும் மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது. 30 சதவீதம் காட்டும்போதே அணைந்து போகிறது. பேசினால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. கேமராவுக்குள் மூட்டம் படிந்திருக்கிறது. மாற்றலாகியோ, வேலை கிடைத்தோ, கல்யாணமாகியோ மலைக்கு வந்தவர்கள் முதல் வருஷத்தில் சொல்லும் புகார்கள் இவை. போனுக்கு மூன்று நான்கு வயது ஆகியிருந்தால் கட்டாயம் சொல்வார்கள்.

என் போனும் இது அத்தனையையும் பார்த்துவிட்டது. ஒரு கடையில் “போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். இன்னொரு கடையில் “காம்போ மாத்தணும்” என்றார்கள், அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகத்தை. கடைசியில் பேட்டரியை மாற்றினேன், போன் இன்றும் ஓடுகிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். காசில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். அதற்கப்புறம் நூறு இருநூறு செலவில் முடிகிற வேலைகள். திருப்புளியை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. மலையில் வரும் தொல்லைகளில் நிறையவும் குளிர், ஈரம், டவர் இந்த மூன்றில் அடங்கிவிடும். போனைத் திறந்தாலும் அவை தீராது.

1. எதையும் தொடும் முன்: நம்பர், பாஸ்வேர்டு, பேக்கப்

போன் இன்றைக்குத் திறக்கிறது என்றால் இன்றைக்கே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடித்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் வரும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, போன் வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்திருந்தால் போன் போகும்போது அதுவும் போய்விடும்.

அடுத்தது கூகுள் பாஸ்வேர்டு. போன் வாங்கிய அன்று கடைப் பையன் கணக்குத் திறந்து கொடுத்திருப்பான். அதற்கப்புறம் யாரும் அதைக் கேட்டதில்லை, நமக்கும் தெரியாது. போனை ரீசெட் செய்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கும். ஆண்ட்ராய்ட் 5.1 காலத்திலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. தெரியாவிட்டால் போன் நன்றாக இருந்தும் உள்ளே போக முடியாது. போன் திறக்கும் நிலையில் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றி, கையெழுத்தில் எழுதி, வீட்டில் வையுங்கள்.

வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் போகிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தில்தான் இப்போது அதுவும் சேர்கிறது, ஜிமெயிலும் போட்டோக்களும் போக மிச்சம் இருந்தால்தான் ஏறும். “பேக்கப் ஓடுகிறது” என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கடைசியாகப் பேக்கப் ஆன தேதியை ஒருமுறை பாருங்கள். இடம் பற்றாமல் மாதக்கணக்காக நின்றுபோயிருக்கும். வீடியோவை விட்டுவிட்டு எழுத்தும் படமும் மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் இடம் போதும். எஸ்டேட் பகுதியில் மொபைல் நெட்டில் இதைத் தொடங்காதீர்கள், முடியவே முடியாது. வைஃபை இருக்கிற இடத்தில், சார்ஜரில் போட்டு, ராத்திரி விட்டுவிடுங்கள்.

பிறகு, சிம் யார் பெயரில் இருக்கிறது? ஊரில் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ வாங்கிய சிம்மோடு மலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். சிம் கெட்டால் டூப்ளிகேட் வாங்க அவர்களே அடையாள அட்டையோடு வர வேண்டியிருக்கும். திருநெல்வேலியில் இருக்கும் அப்பாவை ஊட்டிக்கு வரச்சொல்ல முடியாது. அவர் அங்கே வாங்கித் தபாலில் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை நம்பர்கள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் பயன்படுத்தும் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெயர் மாற்றும் வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

2. சிம்மா, போனா, இடமா?

“டவர் இல்லை” என்ற ஒரு புகாருக்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். உங்கள் சிம்மை இன்னொருவர் போனில் போடுங்கள். அவருடைய சிம்மை உங்கள் போனில் போடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று செய்ய வேண்டும். உங்கள் சிம் அவர் போனில் நன்றாக வேலை செய்தால் சந்தேகம் உங்கள் போன் மேல். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் சிம் மேல். இரண்டு போனிலும் இரண்டு சிம்மும் திணறினால் அது இடத்தின் கோளாறு. கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

இடத்தின் கோளாறு என்றால் ரிப்பேரால் ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு வளைவில் நாலு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. நடுவில் நிற்கிற மேடுதான் காரணம். மஞ்சூர், குந்தா பக்கம் பள்ளத்தில் வீடு எடுத்தவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்குள் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். வாசலில் கிடைப்பதை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்த கம்பெனி சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது இன்னும் நல்லது.

வீட்டில் பைபர் நெட் இருந்தால், டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங் பெரிய உதவி. ஏர்டெல்லும் ஜியோவும் இதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் இருக்கும். போனில் அந்த வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள், பள்ளத்து வீட்டிலும் பேச்சு தெளிவாக வரும். எல்லாப் பழைய போனிலும் இருக்காது.

பழைய போன்களுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது; எல்லாப் பேச்சும் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) வழியாகத்தான். போனில் வோல்ட்டி அணைந்திருந்தால் நெட் ஓடும், கால் மட்டும் போகாது. செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால் சரியாகிவிடும். அடுத்தது பி.எஸ்.என்.எல். 4ஜி. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. மேடு பள்ளம் தாண்டித் தூரம் போவது 700தான். சில வருஷம் முந்தைய போன்கள் பலவற்றில் அந்த 700 இருக்காது. போன் மாடலின் பெயரைப் போட்டு, “பேண்ட் 28” (அந்த 700-இன் பெயர்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சிம் மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் நன்றாகக் கிடைக்கிறது என்று நம்பி மாறி, தன் போனில் மட்டும் கிடைக்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு: போன் சில சமயம் கேரளா அல்லது கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் கோடு முழுதாகக் காட்டும், நெட் மட்டும் நின்றிருக்கும். ரோமிங்கை ஆன் செய்துவிடுங்கள். உள்நாட்டு ரோமிங்குக்கு இப்போதைய பெரும்பாலான பிளான்களில் தனிக் கட்டணம் இல்லை.

சிம்மில்தான் கோளாறு என்று தெரிந்தால், அசல் ஆதாரோடு அந்த நிறுவனத்தின் ஸ்டோருக்குப் போங்கள். நூறு ரூபாய்க்குள் வேலை முடியும், சில மணி நேரத்தில் புது சிம் உயிர் பெறும். பொறி இருப்பது அதற்கப்புறம். சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்தப்பட்டிருக்கும், வருவதும் இல்லை போவதும் இல்லை. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி இது. பேங்க் ஓ.டி.பி. வராது, யு.பி.ஐ. ஆப்பை மறுபடி பதிவு செய்ய போன் தானாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் போகாது. “புது சிம்மும் கெட்டுப்போச்சு” என்று மறுபடி ஸ்டோருக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஃபீஸ் கட்டும் கடைசி நாள், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றுக்கு முந்தின நாள் சிம் மாற்றாதீர்கள். கையில் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த சிம்முக்கோ கெட்டுப்போன சிம்முக்கோ பதில் வாங்கியிருந்தால், அடுத்த 7 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

3. 30 சதவீதத்தில் அணைகிறதா?

மலையில் வரும் புகார்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கடைக்காரர்கள் சிலரும் இதைப் பார்த்துத்தான் போர்டு மேல் பழியைப் போடுகிறார்கள்.

குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது, கவிழ்த்தால் வராது. லித்தியம் பேட்டரியும் குளிரில் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே சார்ஜ் இருக்கும். ஆனால் குளிர் ஏற ஏற பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடும். கேமரா திறப்பது, கால் வருவது என்று போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். பாதுகாப்புக்காகப் போன் தன்னை அணைத்துக்கொள்ளும். புது பேட்டரி இதைத் தாங்கிக்கொள்ளும். பழைய பேட்டரியில் எதிர்ப்பு ஏற்கெனவே கூடிப்போயிருப்பதால், டிசம்பர், ஜனவரி விடியற்காலையில், புல்லில் உறைபனி படியும் நாட்களில், 40 சதவீதத்திலேயேகூட விழுந்துவிடும். ஐபோனை 0 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவே பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஊட்டியில் தலைகுந்தா பக்கம் அந்த நாட்களில் வெப்பநிலை எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சோதனை எளிது. அணைந்த போனைச் சார்ஜரில் போடாதீர்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். 25, 30 சதவீதத்தோடு எழுந்து வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. குளிரும் வயதான பேட்டரியும் சேர்ந்து செய்த வேலை. நல்ல வெயில் நேரத்திலும் வீட்டுக்குள்ளும் இதே மாதிரி விழுந்தால் பேட்டரி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பாருங்கள், 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றச் சொல்லலாம். ஆண்ட்ராய்டில் சில மாடல்களில் *#*#4636#*#* அடித்தால் பேட்டரி விவரம் வரும். அதில் “குட்” என்று போட்டிருப்பதை ரொம்ப நம்ப வேண்டாம், பழைய பேட்டரிக்கும் அப்படித்தான் போடும்.

மாற்றும்வரை சமாளிக்க: வெளியே போகும்போது போன் உள்பையில் இருக்கட்டும். பைக்கில் ஹேண்டில்பார் ஹோல்டரில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் போவது பழைய பேட்டரிக்கு ஆகவே ஆகாது. சூடுபடுத்துகிறேன் என்று ஹீட்டர் முன்னாலோ விறகடுப்புத் திண்ணையிலோ வைக்காதீர்கள். பேட்டரிக்கும் கெடுதல், உள்ளே வியர்த்து ஈரமும் கோக்கும். உறைபனிக் குளிரிலிருந்து வந்தவுடன் சார்ஜ் போடவும் வேண்டாம். வீட்டுச் சூட்டுக்கு வரட்டும், அரை மணி நேரம் பொறுங்கள்.

பேட்டரி வேகமாக இறங்க இன்னொரு காரணம் டவர்தான். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடும், அதிக சக்தியில் ஒலிபரப்பும். செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டைத் திறந்தால் பழைய ஆண்ட்ராய்டில் “செல் ஸ்டாண்ட்பை” அல்லது “மொபைல் நெட்வொர்க்” என்று ஒரு வரி இருக்கும். அதுதான் மேலே நிற்கிறது என்றால் பேட்டரியை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராத்திரி ஏரோபிளேன் மோட் போட்டுத் தூங்குங்கள். இரண்டாவது சிம் இங்கே டவரே இல்லாத கம்பெனியுடையது என்றால் செட்டிங்ஸில் அதை அணைத்து வையுங்கள். இந்த ஒன்றிலேயே மாலைவரை சார்ஜ் நிற்க ஆரம்பித்துவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. பின்மூடி மெல்லத் தூக்கியிருக்கிறதா, ஸ்கிரீன் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா, மேஜையில் மல்லாக்க வைத்துத் தட்டினால் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள்.

4. சார்ஜ் ஏறவில்லை

முதலில் கேபிள், அடுத்து அடாப்டர், கடைசியில் போன். இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கேபிளைக் கடன் வாங்கிச் சோதித்தால் செலவே இல்லை.

“இங்கே கரண்ட் லோ வோல்டேஜ், அதனால்தான் மெதுவாக ஏறுது” என்று எல்லாரும் சொல்வார்கள். அடாப்டரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: இன்புட் 100–240 வோல்ட். பல்ப் மங்கலாக எரியும் வோல்டேஜிலும் அது வேலை செய்யும். கேபிள் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். இடி இடிக்கும்போது மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அடாப்டர் புதிதாக வாங்கினால் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் அதில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் அசலா என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் தொங்கும் தொண்ணூறு ரூபாய் சார்ஜர் வேண்டாம்.

கேபிளும் அடாப்டரும் நல்லது, ஆனால் பின் ஆடுகிறது, அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது. போனை அணைத்துவிட்டு, சார்ஜிங் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்வெட்டர் பையிலும் ஜெர்கின் பையிலும் கிடந்த போனில் கம்பளிப் பிசிறு அடர்ந்து, ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அமுங்கி, அடியில் சாம்பல் நிறத்தில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். பின் முழுதாக உள்ளே போகாததற்கு அதுதான் காரணம். மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் துண்டாக வரும். ஊக்கு, ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் நாக்கு உடைந்தால் சார்ஜிங் பின்னையே மாற்ற வேண்டும். கடையில் சார்ஜிங் பின் மாற்ற முந்நூறிலிருந்து அறுநூறு வரை கேட்பார்கள். பிசிறு எடுத்த பிறகும் ஆடினால் மட்டும் கொடுங்கள்.

5. ஈரம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கமும், அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் துணியே காயாது. போன் மட்டும் எப்படிக் காயும்?

கேமராவில் மூட்டம், ஸ்பீக்கரில் அடைத்த குரல், டச் தானாக அலைவது, சார்ஜ் போட்டால் “ஈரம் இருக்கிறது” என்ற எச்சரிக்கை: இவை அநேகமாக மூடுபனியும் வியர்வையும் செய்வது, தண்ணீரில் விழவே வேண்டியதில்லை. பேக் கவரைக் கழற்றுங்கள், கவருக்கும் போனுக்கும் நடுவில்தான் ஈரம் தங்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு ராத்திரி வையுங்கள். செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலம் போதும். மழைக்காலத்தில் ஃபேன் காற்று ஈரக் காற்றுதான் என்பதால் இங்கே டப்பாதான் நன்றாக வேலை செய்கிறது.

உண்மையிலேயே தண்ணீரில் விழுந்திருந்தால் உடனே அணையுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்கவே கூடாது. சிம் தட்டை வெளியே எடுங்கள், சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசிப் பானையும் வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மாவும் துகளும் உள்ளே போகும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. இரண்டு நாளாவது சார்ஜ் போடாமல் இருங்கள், அல்லது அன்றைக்கே கடையில் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். தாமதித்தால் உள்ளே பச்சை பூக்கும்.

சிம் தட்டு இருக்கும் ஓட்டைக்குள் பல மாடல்களில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். சிவந்துவிட்டால் வாரண்டி கேட்டு சர்வீஸ் சென்டருக்கு அலைவதில் பயனில்லை.

கைரேகை எடுக்கவில்லை என்பது பெரும்பாலும் போனின் கோளாறே இல்லை. குளிரில் வறண்ட விரல் சென்சாருக்குத் தெரிவதில்லை. தோட்ட வேலை செய்கிறவர்களுக்குத் தேயிலை பறித்துப் பறித்து ரேகையே தேய்ந்திருக்கும். அதே விரலைக் காலைக் குளிரில் இன்னொரு முறை பதிவு செய்யுங்கள், அல்லது பின் நம்பருக்கு மாறிவிடுங்கள்.

6. ஹேங் ஆகிறது, ஆப் திறக்கவில்லை

ஸ்டோரேஜ் நிறைந்திருக்கும், வேறென்ன. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்பதைத் திறந்து, குரூப்களில் வந்து குவிந்த குட்மார்னிங் படங்களையும் வீடியோக்களையும் அழியுங்கள். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

நெட் இருந்தும் எந்தத் தளமும் திறக்காமல் “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று வந்தால் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கி எழுந்த போனில் தேதி பின்னால் போயிருக்கும். தானியங்கி நேரம் என்பதை ஆன் செய்தால் போதும்.

ஆப்பே “இந்தப் போனில் ஓடாது” என்று சொன்னால் ரிப்பேரில் தீர்வு இல்லை. வாட்ஸ்அப்புக்கு ஆண்ட்ராய்ட் 5.0 வேண்டும், ஐபோனில் ஐ.ஓ.எஸ். 15.1 வேண்டும். குரோம் 2025 ஆகஸ்ட் முதல் புதிய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்ட் 10 கேட்கிறது. அதற்குக் கீழே இருக்கும் போனில் பழைய குரோம் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்தப் போனைப் பேச, பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலையை அதில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

7. ஸ்கிரீன் தெரிகிறது, டச் மட்டும் செத்துவிட்டது

உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்க ஒரு வழி இருக்கிறது. நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஓ.டி.ஜி. கனெக்டரில் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகிப் போனில் மாட்டுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் திரையில் ஒரு அம்பு வரும். அதைக் கொண்டே லாக்கைத் திறந்து, பேக்கப் எடுத்து, பேங்க் ஆப்களிலிருந்து வெளியேறிவிடலாம். கடைக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்தால் பாதிக் கவலை தீரும்.

அதற்கு முன் டெம்பர் கிளாஸைக் கழற்றிப் பார்த்தீர்களா? அடியில் ஈரம் புகுந்தாலே டச் கிறுக்குத்தனம் பண்ணும்.

8. கடைக்குக் கொடுக்கும்போது

சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். யு.பி.ஐ. ஆப்களை நீக்கிவிடுங்கள், சோதிக்க அவர்களுக்கு அவை தேவையில்லை. ஸ்கிரீன் லாக் கேட்டால் தற்காலிகமாக ஒரு எண் வைத்துக் கொடுத்து, வாங்கிய உடனே மாற்றுங்கள்.

துண்டுச் சீட்டானாலும் சரி, ரசீது வாங்காமல் வராதீர்கள். அதில் மாடல், ஐ.எம்.இ.ஐ.யின் கடைசி நாலு இலக்கம், என்ன புகார், எவ்வளவு ஆகும், அட்வான்ஸ் எவ்வளவு, போடும் பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்பவை இருக்க வேண்டும். “பார்த்துச் சொல்றேன்” என்றால், திறந்து பார்ப்பதற்குக் காசு உண்டா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். கம்பெனி பேட்டரியா, காப்பியா என்றும் கேளுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றாமலே மாற்றியதாகச் சொன்ன கதையும் எனக்கு நடந்திருக்கிறது. பில் இருந்தால்தான் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசவும் முடியும்.

செலவு விஷயத்தில் நான் விசாரித்தவரை, சாதாரண ஆண்ட்ராய்ட் போனுக்குப் பேட்டரி மாற்ற 700 முதல் 1,500 ரூபாய், டிஸ்ப்ளே காம்போவுக்கு 1,500 முதல் 4,000 வரை கேட்கிறார்கள். அமோலெட் திரை என்றால் அதற்கும் மேல். பழைய போன் சந்தையில் உங்கள் மாடல் போகும் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம். பேட்டரிக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம், அது போனுக்கு இரண்டு வருஷம் கூட்டிக் கொடுக்கும்.

காலம்தான் மலையில் பெரிய செலவு. பழைய மாடல் பாகங்கள் ஊட்டிக் கடைகளில் கையிருப்பு இருக்காது, கோவையிலிருந்து வரவழைப்பார்கள். இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏப்ரல், மே சீசனில் கடைகளில் கூட்டமும் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். அவசரம் என்றால் நீங்களே கோவை இறங்குவது மேல். குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலையில் கொடுத்தால் காந்திபுரத்துக் கடைகளில் மாலைக்குள் பேட்டரி மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் மாடல் பெயரைச் சொல்லி பேட்டரி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பதிவு எண் வண்டியில் திரும்புகிறவர்கள், நீலகிரிக்குள் நுழையத் தேவையான இ-பாஸைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் அது வேண்டியிருக்கிறது. போனைக் கடையில் விட்டுவிட்டு சோதனைச் சாவடியில் நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது.

9. வேறு போன் வாங்குவது என்று முடிவானால்

பழைய போனாகவே இன்னொன்று வாங்குகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் *#06# அடித்து எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தைப் போட்டு 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா, எண் போலியா என்று பதில் வரும். பதிலில் வரும் மாடல் பெயரும் கையில் இருக்கும் போனும் ஒத்துப்போக வேண்டும். பழைய உரிமையாளர் தன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள்.

புதுப் போனில் முதலில் வாட்ஸ்அப், அப்புறம் யு.பி.ஐ., அப்புறம் பேங்க் ஆப் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். டவர் நன்றாக இருக்கும் இடத்தில் நின்று செய்யுங்கள், யு.பி.ஐ. பதிவு எஸ்.எம்.எஸ். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. கூகுள் கணக்கில் நுழையும்போது சரிபார்க்க ஒரு கேள்வி பழைய போனுக்குத்தான் வரும், எனவே அது ஆன் ஆகி நெட்டோடு பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் ஓடுகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்குங்கள். ரீசெட் அதற்கப்புறம்.